பிடித்த ஆளுக்குப் பதிவு எங்கே?

(கல்முனைக்குடியில் கமக்காரரும் ஆசிரியரும் அரசாங்க உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய உரை. வாசகர்களின் பயன் கருதி இங்கு வெளியிடுகிறோம். – ஆசிரியர்)

 

வேளாண்மை வெட்டு முடிந்து, நெல்லைக் களத்திலிருந்து வீடு சேர்த்த களைப்போடு வந்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் நாள் முழுதும் வேலை பார்த்துவிட்டு வந்திருப்போரும் பலர். இத்தகைய சபையிலே நெல் விலையைப் பற்றியோ நீர்ப்பாசனத்தைப் பற்றியோ பேசினால் எளிதில் உள்ளங் கொள்வீர்கள். நானோ மறியற்சாலைக் கதை பேச வந்திருக்கிறேன். ‘அது கள்வனுக்கும் காடையனுக்கும் உரிய கதை, நமக்கென்ன?’ என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணியவர் வீட்டுக் கதவையும் நள்ளிரவிலே தட்டிய காலத்தை இக்கரையோரம் ஒரு முறையல்ல, பல முறை கண்டிருக்கிறது. ஆகையாற் சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், கடற்கரைப் பக்கத்திலிருந்து வயது முதிர்ந்த ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் நெல் லொறியிலே மூட்டை ஏற்றியிறக்கும் கூலி வேலைக்குப் போனவன். மூன்று நாளில் திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை. வழியில் லொறியை மறித்துப் பொலிசார் சிலரைக் கொண்டு போனார்கள் என்ற செய்தி மட்டும் காற்று வாக்கிலே வந்து சேர்ந்தது. எந்த நிலையத்துப் பொலிசார், என்ன குற்றம், எங்கே வைத்திருக்கிறார்கள்? ஒன்றும் தெரியாது. அந்தத் தாய் மூன்று பொலிஸ் நிலையங்களின் வாசலிலும் ஒரு மறியற்சாலையின் வாசலிலும் நின்றுவிட்டு என்னிடம் வந்திருந்தார். அன்று பதினோராவது நாள். “இருக்கிறானா இல்லையா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்க மகன். இருந்தால் சோறு கொண்டு போவேன், இல்லையென்றால் யாசீன் ஓதுவேன்” என்றார்.

தேடினோம். மகன் உயிருடன் இருந்தான். பிடித்த இரண்டாம் நாளே வேறொரு மாவட்டத்து நீதவான் முன் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டிருந்தான். பொலிஸ் புத்தகத்திலே எழுதியிருந்தார்கள். நீதிமன்றத்து வழக்கேட்டிலே எழுதியிருந்தார்கள். மறியற்சாலை இடாப்பிலும் எழுதியிருந்தார்கள். ஆனால் வாப்பாவின் பெயர் முன்னே வந்து, மகனின் பெயர் பின்னே போய், சிங்கள எழுத்திலே உருமாறி நின்ற அந்தப் பெயரைத் தாய் சொன்ன பெயரோடு ஒப்பிட்டுப் பார்க்க எவரும் முயலவில்லை. அவனுக்கு ஐந்தாம் நாளே பிணை வழங்கப்பட்டிருந்தது என்பதையும் அப்பொழுதுதான் அறிந்தோம். பிணைக்குக் கையொப்பமிட ஆளில்லாமையால் உள்ளேயே இருந்தான். சட்டப்படி எல்லாம் எழுதப்பட்டிருந்தது. அதைக் கேட்டறிய வேண்டிய ஒருத்தி வெளியே அலைகிறாள் என்பதை மட்டும் ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பெரியோர்களே! உங்களிற் பலர் மாடு வைத்திருப்பவர்கள். மாட்டுக்குக் குறி உண்டு. அதனை லொறியில் ஏற்றி வேறூருக்குக் கொண்டு போவதாயின் கையிலே அனுமதிப் பத்திரம் வேண்டும்; இல்லையேல் வழியிலே மறிப்பார்கள். உங்கள் வயலின் ஒவ்வொரு ஏக்கரும் கமநல சேவை நிலையத்து இடாப்பிலே பதியப்பட்டிருக்கிறது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் பசளை மானியம் கிடையாது. மாட்டுக்கும் மண்ணுக்கும் இத்தனை கணக்கு வைத்திருக்கும் நாட்டிலே, ஒரு மனிதனை வாகனத்தில் ஏற்றிக் கொண்டு போகும்போது அவன் வீட்டாருக்கு ஒரு துண்டுக் கடதாசி கொடுக்கப்படுவதில்லை என்றால், இது என்ன நியாயம்?

அந்தத் தாயின் கதை நல்ல முடிவு கண்ட கதை. முடிவே காணாத கதைகள் இக்கரை நெடுகிலும் கிடக்கின்றன. 1990ஆம் ஆண்டை மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு ஜூலை 12ஆம் திகதி, கல்முனைப் பக்கமிருந்து காத்தான்குடி நோக்கிச் சென்ற முஸ்லிம் பயணிகள் குருக்கள்மடத்திலே விடுதலைப் புலிகளால் வழிமறித்துக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பவில்லை. அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவத்தினர் கொண்டு சென்றனர். அவர்களும் திரும்பவில்லை. கொண்டு போனவர் அரசின் படையாயினும் சரி, அரசை எதிர்த்த இயக்கமாயினும் சரி, வீட்டாரின் கையிலே ஒரு சீட்டும் இல்லை. 158 என்ற கணக்கை இன்று நாம் சொல்ல முடிவது எதனால்? கொண்டு போனவர் பதிந்து வைத்த ஏட்டினால் அன்று. உடனிருந்தோர் கண்டதைக் கண்டபடி சொன்னமையாலும், பின்னர் ஜனாதிபதி ஆணைக்குழுவின் முன் சாட்சியம் அளித்தமையாலுமே.

வடக்கே பாருங்கள். 2009 மே மாதத்திலே, பெற்றோரும் மனைவியரும் கண்முன்னே பார்த்திருக்க, முல்லைத்தீவிலே இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டோர் இருந்தனர். அவர்கள் எங்கே என்று கேட்டு 2013ஆம் ஆண்டிலே வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்கள் தொடரப்பட்டன. 2019ஆம் ஆண்டிலே ஒரு பத்திரிகையாளர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேட்டபோது, இராணுவத்திடம் எவரும் சரணடையவில்லை, அரசாங்கத்திடமே சரணடைந்தனர் என்று இராணுவம் பதிலளித்தது. கையைப் பிடித்து ஒப்படைத்த மனைவி உயிருடன் இருக்கிறாள். ஏற்றுக் கொண்ட கை எது என்பதற்குக் கடதாசி இல்லை. பதிவு இல்லாமையின் பயன் இதுதான், சகோதரர்களே!

இன்னும் அண்மையிலே வருகிறேன். 2019 ஏப்பிரல் 21ஆம் திகதி தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்து அப்பாவி மக்கள் மாண்டனர். அதே மாதம் 26ஆம் திகதி, நாம் இருக்கும் இவ்விடத்துக்கு அண்டையிலே சாய்ந்தமருதில் குண்டுகள் வெடித்தன. அக்கொடுமை செய்தோருக்காகப் பரிந்து பேச நான் வரவில்லை. அவர்களுக்காகப் பேச இவ்வூரிலே எவரும் இல்லை. ஆனால் அதன் பின்னர் நாடெங்கும் முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கிலே கைது செய்யப்பட்டபோது, ஒருவரை எந்த நிலையத்திலே வைத்திருக்கிறார்கள், எந்தச் சட்டத்தின்படி வைத்திருக்கிறார்கள், கொழும்புக்குக் கொண்டு போய்விட்டார்களா என்பவற்றை அறிவதற்கே குடும்பங்கள் அலைந்தன அன்றோ! குற்றவாளியைத் தண்டிக்க வேண்டும் என்பதிலே எமக்கு மாறுபாடில்லை. தண்டிக்கப்பட வேண்டியவனானாலும் அவன் இருக்குமிடம் பெற்ற தாய்க்குத் தெரிய வேண்டும்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம்மவரிலே பலர், ‘சட்டம் அவர்கள் கையில், நாம் என்ன செய்வது?’ என்று சோர்ந்து போகிறார்கள். சட்டத்தின் ஒரு பாதி நம் கையிலும் இருக்கிறது என்பதைச் சொல்லவே வந்தேன். ஒரு மனிதன் பிடிபட்ட நேரந்தொட்டு அவன் பெயர் எந்தெந்த ஏட்டிலே ஏற வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன். எழுதிக் கொள்ள விரும்புவோர் எழுதிக் கொள்க.

முதலாவது, வீட்டாருக்குரிய சீட்டு. 2006ஆம் ஆண்டிலே ஜனாதிபதி பிறப்பித்த பணிப்புரைகளின்படி, கைது செய்பவர் தம் பெயரையும் பதவியையும் தெரிவிக்க வேண்டும். கைதுக்குரிய காரணத்தைக் கூற வேண்டும். பிடிக்கப்பட்டவரின் துணைக்கோ தாய் தந்தையருக்கோ நெருங்கிய உறவினருக்கோ கைதை ஒப்புக் கொள்ளும் எழுத்தை வழங்க வேண்டும். பிடித்தவரின் பெயர், நாள், நேரம், வைக்கப்படும் இடம் என்பன அதிலே இருக்க வேண்டும். இதையொத்த பணிப்புரைகள் 2016ஆம் ஆண்டிலும் விடுக்கப்பட்டன. இச்சீட்டைக் கேட்பது அதிகாரியை அவமதிப்பதாகாது. நாட்டின் தலைவர் இட்ட கட்டளையை நினைவூட்டுவதேயாகும்.

இரண்டாவது, பொலிஸ் நிலையத்துப் புத்தகமும் நீதிமன்றத்து வழக்கேடும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டக்கோவையின்படி, பிடியாணை இன்றிப் பிடிக்கப்பட்டவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். தமது நிலையத்தாரால் அவ்வாறு பிடிக்கப்பட்டோர் யாவரையும் பற்றிப் பொறுப்பதிகாரி நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டும். விசாரணை முடியாவிட்டால் ‘பி அறிக்கை’ என்று வழங்கும் அறிக்கையைச் சமர்ப்பித்தே மேலும் மறியலில் வைக்கும் ஆணையைப் பெறலாம். ஆகவே, சாதாரண சட்டத்தின் கீழ்ப் பிடிபட்ட ஒருவரைத் தேடுவோர் நிலையத்து வாசலிலேயே நின்றுவிடாமல், மறுநாள் நீதிமன்றப் பதிவாளரின் கந்தோருக்குச் சென்று, இன்ன நாளில் இன்ன நிலையத்தார் முன்னிறுத்தியோர் யார் என்று கேட்க வேண்டும். வழக்கு இலக்கம் கையில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, மறியற்சாலை இடாப்பு. நீதிமன்றத்தின் எழுத்தாணை இல்லாமல் எந்தச் சிறைக் கண்காணியும் ஒருவரை விளக்கமறியலில் ஏற்பதில்லை. அந்த ஆணையில் வழக்கு இலக்கமும் அடுத்த தவணை நாளும் இருக்கும். மட்டக்களப்புச் சிறைச்சாலை கல்முனையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். ஒரு நாட் கூலியை இழந்து அங்கே போகிறவர், வெறும் பெயரோடு போகாமல் அடையாள அட்டை இலக்கத்தோடும் வழக்கு இலக்கத்தோடும் போக வேண்டும். பெயர் பத்துப் பேருக்கு ஒன்றாயிருக்கும். முகம்மது என்பது ஓர் ஏட்டிலே மொஹமட் ஆகும். இன்னோர் ஏட்டிலே தலையெழுத்து மட்டுமாய்க் குறுகும். இலக்கம் அவ்வாறு உருமாறாது.

நான்காவது, மனித உரிமைகள் ஆணைக்குழு. 1991ஆம் ஆண்டிலே மனித உரிமைகள் செயலணி என்று ஒன்று அமைக்கப்பட்டு, தடுத்து வைக்கப்பட்டோரின் விபரங்களைத் திரட்டும் பணி அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1997இல் அப்பணியை ஆணைக்குழு ஏற்றது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 28ஆம் பிரிவு கூறுவதைக் கவனியுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால ஒழுங்குவிதிகளின் கீழோ ஒருவரைப் பிடித்தால், பிடித்தவர் உடனடியாக, எவ்வாறாயினும் 48 மணி நேரத்துக்குப் பிந்தாமல், கைதையும் தடுத்து வைத்திருக்கும் இடத்தையும் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். இடம் மாற்றினால் அதனையும் அறிவிக்க வேண்டும். வேண்டுமென்றே அறிவியாமல் விடுவது தண்டனைக்குரிய குற்றம். முன்னறிவித்தல் இன்றித் தடுப்பு நிலையங்களுக்குட் செல்லும் அதிகாரமும் ஆணைக்குழுவுக்கு உண்டு. அதன் பிராந்திய அலுவலகம் இந்தக் கல்முனையிலேயே இருக்கிறது. 1996 என்ற தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம். இத்தனையும் அருகில் இருந்தும், ‘யாரிடம் போவது?’ என்று நம்மவர் கேட்கிறார்கள் என்றால், படித்தவர்களாகிய நாம் சொல்லிக் கொடுக்கவில்லை என்பதே அதன் பொருள்.

ஐந்தாவது, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியிலே நடைமுறைக்கு வந்தது. வீதி ஒப்பந்தத்தையும் வாய்க்கால் செலவையும் கேட்பதற்கே அச்சட்டம் என்று பலர் எண்ணியிருக்கிறோம். ஒரு பிரசையின் உயிரையும் தனிப்பட்ட சுதந்திரத்தையும் பற்றிய கோரிக்கையாயின் 48 மணி நேரத்துக்குள் பதிலளிக்க வேண்டும் என்று அச்சட்டம் விதிக்கிறது. மறியலில் இருப்பவனின் சுதந்திரத்தை விடத் தனிப்பட்ட சுதந்திரம் வேறொன்று உண்டோ? எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கேட்டால், தகவல் அதிகாரி அதனை எழுத்தில் வடிக்க வேண்டும். பாதுகாப்புக் காரணம் கூறி மறுத்தால் மேன்முறையீடு உண்டு. பொது நலன் மேலோங்கி நிற்குமாயின் மறுப்பதற்குரிய அந்த விலக்கும் நிலைக்காது.

இவற்றுக்கு மேலே, 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், வலிந்து காணாமல் ஆக்குதலைக் குற்றமாக்கி, 20 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதித்தது. இரகசியமாக எவரையும் தடுத்து வைத்தல் ஆகாது. தடுத்து வைக்கப்பட்டோரின் பதிவுகளைப் பேண வேண்டும். உறவினருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்றெல்லாம் அச்சட்டம் சொல்கிறது.

இவ்வளவும் இருந்தும் ஒரு தாய் பதினொரு நாள் அலைந்தது எதனால்? மூன்று காரணங்கள் என் மனதிற் படுகின்றன.

ஒன்று, ஏடுகள் சிதறிக் கிடப்பது. பொலிசாரின் ஏடு ஓரிடத்தில், நீதிமன்றத்தின் ஏடு இன்னோரிடத்தில், மறியற்சாலையின் ஏடு வேறோர் ஊரில். ஒன்றையொன்று அறியாது. கொழும்பிலே இருப்பவர் ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து மூன்று கந்தோரையும் ஒரே நாளிலே பார்த்துவிடலாம். நிந்தவூர் வயற்காரனும் கல்முனைக்குடி மீனவனும் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள தடுப்பு நிலையத்தை எப்படித் தேடுவான்? 1991, 1992, 1999 ஆகிய ஆண்டுகளிலே இந்நாட்டுக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் காணாமற்போனோர் பற்றிய செயற்குழு, தடுத்து வைக்கப்பட்டோர் யாவருக்கும் ஒரே மத்திய பதிவேடு வேண்டும் என்று பரிந்துரைத்தது. அப்பரிந்துரை பிறந்தபோது பிறந்த பிள்ளை இன்று தானே பிள்ளை பெற்றிருக்கும்.

இரண்டு, மொழி. வடக்கு கிழக்கு மாகாணங்களிலே தமிழே நிருவாக மொழியாய் இருக்கும், பகிரங்கப் பதிவேடுகளும் தமிழிலேயே பேணப்படும் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை கூறுகிறது. இது எவரிடமும் கையேந்திக் கேட்கும் சலுகை அன்று. நாட்டின் தலையாய சட்டம். அவ்வாறிருக்க, தமிழ் பேசும் ஊரிலே தமிழ் பேசுபவன் சொன்ன வாக்குமூலம் அவனால் வாசிக்க முடியாத மொழியிலே எழுதப்பட்டு, அதன் கீழே அவன் கையொப்பம் வாங்கப்பட்டால், அந்த ஏட்டிலே இருப்பது அவன் கதைதானா என்று அவனுக்கே எப்படித் தெரியும்?

மூன்று, நமது அச்சம். ‘கேட்டால் இன்னும் கோபப்படுவார்கள்’, ‘பேசாமல் இருந்தால் விட்டுவிடுவார்கள்’ என்று அயலார் அறிவுரை கூறுவார்கள். அனுபவத்திலே நான் கண்டது வேறு. யாரும் தேடி வராத கைதியே நெடுங்காலம் கிடக்கிறான். தேடி வந்து, எழுத்திலே கேட்டு, நாளும் நேரமும் குறித்துக் கொண்டு போகும் குடும்பம் ஒன்று உண்டு என்று தெரிந்தால், உள்ளே இருப்பவனைத் தொடுவதற்கும் கை தயங்கும்.

கடலுக்கு அப்பால் நம் இனத்தவர் வாழும் நாட்டிலே என்ன செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1996 டிசெம்பர் 18ஆம் திகதி, டி. கே. பாசு எதிர் மேற்கு வங்க அரசு என்ற வழக்கிலே இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைது செய்யும்போதே குறிப்பு ஒன்று எழுத வேண்டும். குடும்பத்தவர் ஒருவரோ அவ்வூரின் மதிப்புக்குரிய ஒருவரோ அதிலே சாட்சிக் கையொப்பமிட வேண்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 12 மணி நேரத்துக்குள் அறிவித்து, அங்குள்ள பலகையிலே யாவரும் காண எழுதிவைக்க வேண்டும் என்றெல்லாம் விதித்தது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையும் பெயர்ப் பலகையும் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலே சட்டக்கோவையிலும் இடம்பெற்றன.

அங்கே சட்டம் எழுதியபடியே யாவும் நடக்கின்றன என்று நான் சொல்லேன். 2020 ஜூன் மாதத்திலே தமிழ்நாட்டுச் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தந்தையும் மகனும் பொலிசாரால் பிடிக்கப்பட்டு, சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து மாண்டனர். விசாரிக்கச் சென்ற நீதவானுக்கே நிலையத்தார் ஒத்துழைக்கவில்லை. அப்பொழுது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்ன செய்தது? சாட்சியங்கள் அழிந்து போகாதிருக்க, அந்தப் பொலிஸ் நிலையத்தையே வருவாய்த்துறை அதிகாரிகளின் பொறுப்பிலே வைக்கச் செய்தது. ஏடு அழிந்தால் நீதி அழியும் என்பதை அந்நீதிபதிகள் உணர்ந்திருந்தார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழக்கூடும். ‘பிடிபட்டவன் பெயரைப் பலகையிலே எழுதினால், குற்றம் நிரூபிக்கப்படாத மனிதனின் மானம் போகாதா? அவன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைப்பானா?’ என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அமெரிக்காவின் பல மாவட்டங்களிலே சிறையிலிருப்போரின் பட்டியலைப் படத்துடன் எவரும் பார்க்குமாறு வெளியிடுகிறார்கள். தாய் தன் மகனை வீட்டிலிருந்தபடியே தேடிக் கண்டுகொள்ளலாம், அது நன்மை. ஆனால் அப்படங்களை எடுத்து வைத்துக் கொண்டு, நீக்குவதற்குப் பணம் கேட்டுப் பிழைப்போரும் அங்கே தோன்றினர், அது தீமை. விடுதலை பெற்ற பின்னும் வேலை கொடுப்பவன் கண்ணில் அந்தப் படமே படுகிறது. ஆகவே நான் கேட்பது சந்தையிலே ஒட்டும் பட்டியலை அன்று. பிடிபட்டவனின் குடும்பத்தாருக்கும் சட்டத்தரணிக்கும் நீதிமன்றத்துக்கும் ஆணைக்குழுவுக்கும் எந்நேரமும் திறந்திருக்கும் ஏட்டைக் கேட்கிறேன். அயலாரின் வாய்க்கு அவலாகாமலும் தாயின் கண்ணுக்கு மறையாமலும் ஒரு பதிவேட்டை வைத்திருக்க நிருவாகத்துக்கு முடியும், மனம் வேண்டும்.

‘நாட்டின் பாதுகாப்பு’ என்று சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. ஒருவன் என்ன வாக்குமூலம் கொடுத்தான் என்பதைப் புலன்விசாரணை முடியும் வரை மறைத்து வைக்கலாம், நான் மறுக்கவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், இன்ன இடத்தில் இருக்கிறான் என்பதை மறைப்பதனால் எந்த நாடு பாதுகாப்புப் பெற்றது? 2022ஆம் ஆண்டிலே பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் திருத்தியபோது, தடுப்பு நிலையங்களுக்கு நீதவான் மாதந்தோறும் சென்று பார்க்க வேண்டும் என்று பாராளுமன்றமே விதித்தது. இருட்டறையிலே வைத்த ஆளுக்குத் தீங்கு நேரும் என்பதை ஆள்வோரும் ஒப்புக் கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆகவே அரசாங்கத்திடம் நாம் கேட்பது இது. ஒவ்வொரு மாவட்டத்திலும், பொலிஸ், நீதிமன்றம், சிறைச்சாலை என்ற மூன்றின் ஏடுகளையும் இணைத்த ஒரே பதிவேடு இருக்க வேண்டும். அது அடையாள அட்டை இலக்கத்தின்படி ஒழுங்கு செய்யப்பட வேண்டும். கிழக்கிலே அது தமிழிலே இருக்க வேண்டும். தேடி வரும் உறவினருக்கு அதே நாளில் எழுத்திலே பதில் கொடுக்க வேண்டும். பிணை வழங்கப்பட்டும் பிணையாளர் இன்றி உள்ளே கிடப்போரின் விபரத்தை அவர்களுடைய பிரதேச செயலகத்துக்கு அனுப்ப வேண்டும். கோடிக்கணக்கான ரூபா இதற்குத் தேவையில்லை. மின்சாரக் கட்டணத்துக்கு வீடு தேடி வந்து கணக்கெடுக்கும் அரசாங்கத்துக்கு இது இயலாத காரியமா?

அரசாங்கம் செய்யும்வரை நாம் கை கட்டி இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஊருக்கு ஒரு குறிப்பேட்டை வையுங்கள். பள்ளிவாசல் நிருவாகமோ, கோயில் வண்ணக்கரோ, கமக்காரர் அமைப்போ அதனைப் பொறுப்பேற்கலாம். எவராவது கொண்டு செல்லப்பட்டால், அந்த மணி நேரத்திலேயே அதில் எழுதுங்கள்: பெயர், வாப்பா அல்லது தகப்பனாரின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிடித்த நாள், நேரம், இடம், வாகன இலக்கம், வந்தவர் சொன்ன பெயரும் பதவியும், கண்டவர் யார். எழுதியதன் பிரதியை ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்துக்கு அன்றைக்கே கொடுத்து, பெற்றுக் கொண்டமைக்குக் கையொப்பம் வாங்குங்கள். இங்குள்ள ஆசிரியர்கள் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கட்டும். சட்டத்தரணிகளாகிய நாங்கள் முறை வைத்து நீதிமன்றப் பதிவாளரிடம் சென்று விசாரிக்க ஆயத்தமாயிருக்கிறோம்.

அதற்கும் பதில் கிடைக்காவிட்டால் ஆட்கொணர்வு மனு உண்டு. அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டும் என்ற நிலை 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு மாறிவிட்டது. மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அவ்வதிகாரம் கிடைத்தது. அடிப்படை உரிமை மனுவாயின் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிலே முறைப்பாடு செய்து விட்டால், அங்கே விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது. தேடித் தேடியே மாதத்தைக் கழித்துவிட்டு வந்து நிற்போரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முறைப்பாட்டை முதலிலே எழுதுங்கள். தேடலைப் பின்னர் தொடருங்கள்.

இன்னொன்று. இந்தக் குறிப்பேட்டிலே தமிழர் பக்கம், முஸ்லிம் பக்கம் என்று கோடு கிழிக்க வேண்டாம். 1990இலே குருக்கள்மடத்திலும் வந்தாறுமூலையிலும் காத்திருந்த தாய்மார் கேட்ட கேள்வி ஒன்றே. பாண்டிருப்பிலே ஒருவன் பிடிபட்டால் கல்முனைக்குடியார் சாட்சிக்குப் போக வேண்டும். கல்முனைக்குடியிலே ஒருவன் பிடிபட்டால் பாண்டிருப்பார் வர வேண்டும். நம்மைப் பிரித்து வைத்திருக்கும் வழக்குகள் ஆயிரம் இருக்கட்டும். இந்த ஒரு காரியத்திலாவது நாம் ஒரே ஊராக நிற்போமாக.

என்னிடம் வந்த அந்தத் தாய் தம் மகனைக் கண்ட அன்று என்ன கேட்டார் தெரியுமா? “இவ்வளவு நாளும் இவன் பெயரை எழுதி வைத்துக் கொண்டுதானா மகன் என்னை இல்லையென்று அனுப்பினார்கள்?” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் படித்தவன் நான். வெட்கித் தலை குனிந்து நின்றேன். அந்த வெட்கத்தை இனி எவரும் சுமக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவு நேரம் உங்கள் பொறுமையைச் சோதித்தேன்.

குறிப்பேட்டுக்கு நூறு பக்கக் கொப்பி ஒன்று போதும். இக்கூட்டம் கலைவதற்கு முன்னரே அதனை யார் வைத்திருப்பது என்று தீர்மானித்துக் கொள்ளுமாறு உங்களைப் பணிவன்புடன் கேட்டு அமைகிறேன்.